ஓர் எண்ணின் இரு பயன்கள்: தீவிரக் காசநோயில் இறப்பைக் கணித்தல்

1. கேள்வியின் எல்லை

காசநோய் குணமாகக்கூடிய நோய். ஆறு மாதம் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் சுமார் 12.5 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தமக்கு என்ன நோய் என்றே தெரியாமல் போனவர்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று. சளிப் பரிசோதனையில் நோய் உறுதியாகி, பெயர் பதிவாகி, மாத்திரை அட்டையும் கைக்கு வந்த பிறகு இறந்துபோகிறவர்களைப் பற்றியது. இந்த இறப்புகள் சிகிச்சைக் காலம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களுக்குள், அதிலும் முதல் சில வாரங்களுக்குள் குவிந்துகிடக்கிறது.

இதை மருந்தின் தோல்வி என்று எளிதில் சொல்லிவிட முடியாது. மருந்து கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் அதற்குள் நுரையீரலும் தசையும் இரத்தமும் எவ்வளவு இழந்திருக்கின்றன என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் படித்து, இன்னார் இறக்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்ல இயலுமா என்ற கேள்வி முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களிடம் இருந்துவருகிறது. வெளிவந்த விடைகளைச் சேர்த்துப் படிக்கும்போது, கணிப்பின் துல்லியத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவது எனக்குப் போதாததாகப் படுகிறது. அது எந்த வாசலில் நின்று செய்யப்படுகிறது, சொன்ன பிறகு செய்வதற்கு என்ன இருக்கிறது என்பவையே அதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் கேட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலும் கேள்வியின் சொற்கள் ஒன்றே, கேள்வி ஒன்றல்ல.

2. கடைசி வாசலில் எடுத்த கணக்குகள்

காசநோயால் மூச்சு முட்டி வென்டிலேட்டர்வரை போனவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பழைய நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்டி எழுதப்பட்டவை. 1995-இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில் மொத்தமே 13 நோயாளிகள். அவர்களில் 9 பேர் இறந்தனர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் வேறு கிருமிகளால் நிமோனியா கண்டு வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்கள். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 36%. தைவானிலிருந்து 2003-இல் வந்த ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்த 41 பேரில் மூன்றில் இரு பங்கினர் இறந்தார்கள். பிரான்சில் 99 நோயாளிகளைக் கொண்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வும், பெர்லினில் 58 நோயாளிகளைக் கொண்ட 2006-ஆம் ஆண்டு ஆய்வும் கால்வாசி இறப்பையே காட்டின.

கால்வாசி எங்கே, மூன்றில் இரண்டு எங்கே! ஒரே நோய்க்கு இவ்வளவு இடைவெளி எப்படி வரும்? முதல் காரணம், கனடாவிலும் தைவானிலும் எண்ணப்பட்டவர்கள் வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் மட்டுமே. மற்ற இரண்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட எல்லோரும் அடக்கம். இரண்டாவது காரணம் பெரிது. எந்த நிலையில் ஒருவரை உள்ளே விடுவது என்பதை நோய் தீர்மானிப்பதில்லை. கட்டில்களின் எண்ணிக்கை, மருத்துவரின் மனம், தொற்று பரவும் என்ற அச்சம், குடும்பத்தின் பணம் ஆகியவை தீர்மானிக்கின்றன. கட்டில் தாராளமாக உள்ள ஊரில் ஓரளவு தெம்புள்ளவரும் உள்ளே இருப்பார். பத்துப் பேருக்கு ஒரு கட்டில் உள்ள இடத்தில் கடைசி மூச்சுக்காரர் மட்டுமே உள்ளே போவார். அல்லது அவரையும் ‘இனி பயனில்லை’ என்று வெளியிலேயே நிறுத்திவிட்டு நடுத்தர நிலையில் உள்ளவரைச் சேர்ப்பார்கள். ஆக, இந்த விழுக்காடுகள் நோயைப் பற்றிச் சொல்வதைவிட வாயிற்காப்பைப் பற்றியே அதிகம் சொல்கின்றன.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது பிரெஞ்சு ஆய்வின் ஒரு முடிவு. இறப்போடு சேர்ந்து நின்ற காரணிகளாக அது நான்கைக் காட்டியது: செயலிழந்த உறுப்புகளின் எண்ணிக்கை, எக்ஸ்-ரேயில் பாதிப்புத் தெரிந்த நுரையீரல் மடல்களின் எண்ணிக்கை, இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதத்தின் குறைவு, அறிகுறி தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் சிகிச்சை தாமதமானது. முதல் இரண்டும் அன்றைய நிலை. பின் இரண்டும் வரலாறு. ஒருவர் எவ்வளவு நாள் இருமினார், எவ்வளவு நாள் அரைவயிறாக இருந்தார் என்பதை மருத்துவமனைப் படியேறும் முன்பே அவர் உடல் எழுதிவைத்திருக்கிறது.

3. அளவுகோல் பார்க்காதவை

தீவிர சிகிச்சை மருத்துவர்கள் வழக்கமாகக் கையாளும் அளவுகோல்கள் இரண்டு. ஒன்று 1985-இல் அமெரிக்காவில் உருவான ‘ஏபாச்சி 2’. காய்ச்சல், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சோடியம், கிரியாட்டினின் போன்ற 12 உடலியல் அளவுகளோடு வயதையும் நாட்பட்ட நோய்களையும் சேர்த்து 0 முதல் 71 வரை மதிப்பெண் போடும். மற்றொன்று 1996-இல் வந்த ‘சோஃபா’. ஆறு உறுப்பு மண்டலங்களின் நிலையை 0 முதல் 24 வரை அளக்கும். இரண்டுமே காசநோய்க்கென்று செய்யப்பட்டவையல்ல. அது குற்றமும் அல்ல. ஆனால் நம் நோயாளியின் உடலில் இவை எங்கே தடுமாறும் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஏபாச்சி 2-இல் உடல் எடைக்கு இடமில்லை, ஆல்புமினுக்கு இடமில்லை, எத்தனை மாதமாக நோய் அரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கும் இடமில்லை. வயது ஏற ஏற மதிப்பெண் கூடும். ஐரோப்பிய நிமோனியா நோயாளி முதியவர். நம் ஊர்க் காசநோயாளி நாற்பது வயதுக்காரராக இருக்கலாம். ஆகவே மதிப்பெண் குறைந்து, ஆபத்தும் குறைவு என்ற தோற்றம் கிடைக்கும். கிரியாட்டினினின் கதை இன்னும் வேடிக்கையானது. அது தசையிலிருந்து வருவது. தசையெல்லாம் கரைந்து எலும்பும் தோலுமாக இருப்பவரின் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் கிரியாட்டினின் ஓரளவு இயல்பாகவே காட்டும். பட்டினி அளவுகோலையே ஏமாற்றிவிடுகிறது.

காசநோய்க்கென்றே தனி மதிப்பெண் முறைகளை உருவாக்கும் முயற்சிகள் பல நடந்திருக்கின்றன. அவற்றின் நோய் வேறு. சில பத்து நோயாளிகளையும் இருபது முப்பது காரணிகளையும் வைத்துக்கொண்டு கணினியை ஓடவிட்டால் ஏதாவது ஒரு சூத்திரம் கிடைத்தே தீரும். அது அந்த மருத்துவமனையின் அந்த ஆண்டுகளுக்கு அழகாகப் பொருந்தும். அடுத்த மருத்துவமனையில் உடைந்துபோகும். இத்தகைய சூத்திரங்களை எப்படி எழுத வேண்டும், எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கு ‘ட்ரைபாட்’ (2015), ‘ப்ரோபாஸ்ட்’ (2019) என்ற நெறிமுறைகள் பிறந்ததே இதனால்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பொதுவாசகர் தெரிந்துகொள்வது நல்லது. இறப்பவரையும் பிழைப்பவரையும் வரிசைப்படுத்திக் காட்டும் திறன் ஒன்று. சொன்ன விழுக்காடு மெய்யாவது மற்றொன்று. மழைக்கு முப்பது விழுக்காடு வாய்ப்பு என்று வானிலை மையம் சொன்ன நாட்களையெல்லாம் கூட்டினால், அவற்றில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள் நனைந்திருக்க வேண்டும். இல்லையேல் அந்த முப்பது வெற்றெண். ஆய்வுக் கட்டுரைகள் முதல் திறனைத் தலைப்பிலேயே போட்டுக்கொள்கின்றன. இரண்டாவதைப் பல கட்டுரைகள் சோதிப்பதே இல்லை. தனி நோயாளி ஒருவரின் முன்னால் நிற்கும் மருத்துவருக்கு வேண்டியதோ இரண்டாவதுதான்.

இதற்காக எளிய அளவுகோல்களே பயனற்றவை என்று கொள்ளக் கூடாது. காசநோய் மூளைக்காய்ச்சலில் நோயாளியின் உணர்வுநிலையையும் நரம்புக் குறைபாட்டையும் மட்டும் பார்த்து மூன்று நிலைகளாகப் பிரிக்கும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முறை 1948-இல் வந்தது. இன்றும் அந்நோயில் யார் பிழைப்பார் என்பதைப் பற்றிய பேச்சு அதில்தான் தொடங்குகிறது. கட்டிலருகே நின்று இரண்டு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய மதிப்பீடு அது.

4. சென்னை, 1959

கணிப்பு ஏன் இவ்வளவு காலம் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தங்கிவிட்டது? இதற்கான விடையின் ஒரு பகுதி சென்னையில் இருக்கிறது.

1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. நோயாளிகளை இரு குழுக்களாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவைச் சானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை அளித்து அங்கே ஒப்பிட்டார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு நோய் அடங்கிய விகிதம், ஓய்வும் நல்லுணவும் பெற்றவர்களுடையதற்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது. காற்றும் பாலும் முட்டையும் படுக்கையும் அல்ல, மாத்திரையே மருந்து என்றாயிற்று. ஏழை நாடுகளுக்கு இது பெரும் விடுதலை. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியம் கட்ட எந்த அரசிடமும் பணமில்லை.

அந்த ஆய்வின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி, பொதுவான நோயாளிக்கு வீட்டுச் சிகிச்சையால் கிருமி நீங்குமா என்பது. ‘மிக மோசமான நிலையில் வந்திருக்கும் சிலர் முதல் மாதத்தைத் தாண்டுவார்களா?’ என்று அது கேட்கவில்லை. இருநூற்றுக்கும் குறைவான நோயாளிகளை வைத்து அதைக் கேட்டிருக்கவும் முடியாது. பின்னால் வந்த திட்டங்களோ முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் பொருத்திவிட்டன. நோய் உறுதியானதும் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது எல்லோருக்குமான நடைமுறை ஆயிற்று. எடை குறித்துக்கொள்ளப்பட்டது, ஆனால் எத்தனை மாத்திரை என்று முடிவுசெய்வதற்காக. அந்த எடை ஓர் அபாய அறிவிப்பு என்று படிக்கும் பழக்கம் பல்லாண்டுகள் இல்லாமல் போயிற்று.

5. படிக்கட்டிலேயே கேட்பது

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அந்த இடத்தில்தான் கை வைத்தது. மாநிலக் காசநோய்ப் பிரிவும், சென்னையிலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து வகுத்த திட்டம் இது. அரசு மருத்துவ நிலையங்களில் நோய் கண்டறியப்பட்ட, மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயுள்ள, 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் அன்றே அளந்து பார்க்க வேண்டும். அளக்க வேண்டியவை ஐந்து: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பது.

உடல் நிறைக் குறியெண் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோகூட இல்லை என்று இதற்குப் பொருள். 14-க்கு மேல் 16 வரை இருந்து இரு காலிலும் வீக்கம் இருந்தாலும் ஆபத்தே. பட்டினியில் புரதம் குறைந்து கால் வீங்கும்போது நீரின் எடையும் தராசில் ஏறி உண்மையை மறைக்கும் என்பதால் இந்தச் சேர்க்கை. மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், அல்லது தானாக நிற்க இயலாமை. இவற்றில் எது இருந்தாலும் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி முழுமையாகப் பரிசோதித்து, தேவையெனில் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.

இந்தத் தேர்வில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அளவு கைகொடுக்காத இடத்தில் அடுத்தது கைகொடுக்கிறது. நிற்க முடியாதவரின் உயரத்தையும் எடையையும் எப்படி எடுப்பது? எடுக்க வேண்டாம், நிற்க முடியவில்லை என்பதே போதும். ஏபாச்சியில் இல்லாத எடையும், பிரெஞ்சு ஆய்வு காட்டிய நீண்ட பட்டினியும் இங்கே முதல் வரியிலேயே வந்துவிடுகின்றன.

பலவீனமும் இல்லாமல் இல்லை. மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். கூட்டம் நெருக்கும் வெளிநோயாளிப் பிரிவில் அதை யார் எண்ணுகிறார்கள்? பதிவேடுகளில் 18, 20, 22 என்று இரட்டைப்படையாகவே வரிசைகட்டும் மூச்சுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கும் ஒரு குறை உண்டு. கறுப்பின நோயாளிகளிடம் அது உண்மையைவிட உயர்ந்த அளவைக் காட்டி ஆக்சிஜன் குறைபாட்டைத் தவறவிடுவது வெள்ளையரிடம் நடப்பதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கருத்த தோலுடைய மக்கள்தொகைக்கு 94 என்ற கோட்டை எங்கே போடுவது என்பது இன்னும் விவாதிக்கப்பட வேண்டியது.

திட்டத்தின் முதல் மூன்று மாதக் கணக்கு ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது. பதிவான 14,961 பேரில் 78% பேர் இவ்வாறு அளக்கப்பட்டார்கள். அவர்களில் 1,509 பேர் ஆபத்தானவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேரே முழுப் பரிசோதனைவரை போய்ச் சேர்ந்தார்கள். தீவிர நோய் உறுதியான 993 பேரில் 909 பேர் சேர்க்கப்பட்டனர். சேர்க்கப்பட்டவர்களில் 4% பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். நோய் தெரிந்ததிலிருந்து அளப்பதற்கு ஒரு நாள், சேர்ப்பதற்கு ஒரு நாள் என்ற அளவிலேயே இடைநிலைத் தாமதம் இருந்தது. அரசு எந்திரம் தொடங்கிய கையோடு இப்படி ஓடியது வியப்புக்குரியதே. ஆனால் மருத்துவமனையில் தங்கிய இடைநிலைக் காலம் நான்கே நாட்கள். 36 கிலோ மனிதரை நான்கு நாளில் என்ன செய்துவிட முடியும்? ஆக்சிஜன் கொடுக்கலாம், உப்புகளைச் சரிசெய்யலாம். உடலைத் தேற்ற முடியாது.

2025-இல் அடுத்த படி வந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை பதிவான சுமார் 56,000 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஒரு கணிப்பு முறையை உருவாக்கியது. இதே அளவுகளைப் பதிவதற்காகக் களப்பணியாளர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவரும் ‘டி.பி. சேவா’ செயலியில் அது சேர்க்கப்பட்டது. இப்போது அளவுகளை உள்ளிட்டதும் அந்த நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு விழுக்காடாகத் திரையில் தெரியும். தீவிர நிலையினருக்கு 10% முதல் 50% வரை. மற்றவர்களுக்கு 1% முதல் 4% வரை. இந்தியாவில் ஒரு மாநிலம் இதைச் செய்வது இதுவே முதல் முறை. ‘தீவிரம்’ என்ற ஒற்றை முத்திரைக்குள் பத்து விழுக்காட்டுக்காரரும் ஐம்பது விழுக்காட்டுக்காரரும் ஒன்றாகக் கிடந்தார்கள். இப்போது யாருக்கு முதலில் ஆம்புலன்ஸ் என்று முடிவெடுக்கலாம். கால்வாசிப் பேருக்கு அனுமதி ஆறு நாட்கள் வரை தள்ளிப்போவதாகச் சொல்லப்படும் சூழலில் அது சிறிய உதவியல்ல.

6. தீவிரமற்றவர்களின் இறப்பு

இந்த எண்களை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது சான்று அல்ல, புரிந்துகொள்வதற்கான எடுத்துக்காட்டு. ஆயிரம் நோயாளிகள் என்று கொள்வோம். 130 பேர் தீவிர நிலையினர். அவர்களின் சராசரி ஆபத்து 20% என்றால் 26 பேர் இறப்பார்கள். மீதி 870 பேருக்குச் சராசரி 2.5% என்றால் ஏறத்தாழ 22 பேர். அதாவது, இறப்புகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ‘ஆபத்தில்லை, வீட்டுக்குப் போகலாம்’ என்று அனுப்பப்பட்டவர்களிடையே நிகழும்.

ஆங்கிலேய நோய்ப்பரவியலர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் இதய நோயை வைத்து விளக்கிய முரண் இது: பெரும் ஆபத்துள்ள சிலரிடமிருந்து வருவதைவிடச் சிறு ஆபத்துள்ள பலரிடமிருந்து அதிக இறப்புகள் வரலாம். கணிப்பு எவ்வளவு கூர்மையானாலும் இதைத் தாண்ட முடியாது. அந்த 870 பேருக்கு வேண்டியது வேறு. சீக்கிரமே நோயைக் கண்டறிவது, உணவு, குடி, சர்க்கரை நோய், எச்.ஐ.வி. ஆகியவற்றைக் கவனிப்பது, மருந்தை நடுவில் விட்டவரைத் தேடிப் போவது போன்ற பழைய, அலுப்பூட்டும் வேலைகள். புதிய செயலி வந்ததும் இந்த வேலைகளிலிருந்து ஆளும் கவனமும் உருவப்பட்டால் ஒரு பக்கம் காப்பாற்றியதை மறுபக்கம் இழப்போம்.

அளக்கப்படாமல் விடுபட்ட 22% பேரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் எல்லோரையும்போல் இருந்தால் கவலையில்லை. மிக மோசமான நிலையில் வந்து, அளக்கும் முன்பே இறந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தால் கணிப்பு முறைக்கு அடிப்படையான தரவே மென்மையாகிவிடும். தனியார் மருத்துவமனைகளில் பதிவாகும் நோயாளிகள் இக்கணக்கின் வட்டத்துக்கே வெளியில் இருக்கிறார்கள்.

7. கணிப்பு தன்னையே பொய்யாக்கும்போது

1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் இறப்பைக் கணிக்கக் கணினிக்குப் பயிற்சி அளித்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இறப்பு வாய்ப்பு குறைவு என்று கணினி கற்றுக்கொண்டது. தரவில் அது உண்மைதான். ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றதும் மருத்துவர்கள் பதறிப்போய் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அதனால் அவர்கள் பிழைத்தார்கள். கணினி பதற்றத்தைப் பார்க்கவில்லை. பிழைத்ததை மட்டும் பார்த்தது. அதன் பேச்சைக் கேட்டிருந்தால் ஆஸ்துமா நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தமிழ்நாட்டின் கணிப்பு முறைக்கும் இந்தக் கண்ணி காத்திருக்கிறது. அது திட்டம் தொடங்கிய பிறகு, அதாவது தீவிர நிலையினர் பலர் சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெற்ற காலத்தின் தரவுகளால் ஆனது. ஆகவே ‘30%’ என்று அது காட்டுவது, ஒன்றும் செய்யாவிட்டால் நேரும் ஆபத்தையன்று. 2022-23-இல் நடந்த அளவுக்குக் கவனிப்பு இருந்தால் நேரும் ஆபத்தை. கவனிப்பு மேம்பட்டால் எண் மிகையாகிவிடும். ஒரு மாவட்டத்தில் கட்டில் கிடைக்காமல் போனால் எண் குறைவாகிவிடும். திட்டம் வெற்றியடைய அடைய, ஆபத்தானவர் என்று சொல்லப்பட்டவர் பிழைத்துக்கொண்டே இருப்பார். கணிப்பு ‘தவறிக்கொண்டே’ இருக்கும். சில ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அந்தத் தரவை எடுத்து மறுபடியும் பயிற்சி அளித்து, மிகக் குறைந்த எடை அப்படியொன்றும் ஆபத்தில்லை என்று முடிவுகட்டும் நிலை வரக்கூடாது.

8. சொன்ன பிறகு

கணித்தது சரியாக இருந்தும் பயன் இல்லாமல் போனதற்கும் நல்ல சான்று உண்டு. எச்.ஐ.வி. முற்றிய நிலையில் உள்ளவர்களில் பலர் கண்டறியப்படாத காசநோயால் இறக்கிறார்கள் என்பது தெரிந்ததே. அப்படியானால் ஆபத்து மிகுந்த அனைவருக்கும் பரிசோதனைக்குக் காத்திராமல் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டால் என்ன? பத்து நாடுகளில் 850 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. முழு மருந்து பெற்றவர்களுக்கும், தடுப்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் 24 வாரங்களில் இறப்பு ஏறத்தாழ ஒன்றே, 5% அளவு. யார் ஆபத்தில் இருக்கிறார் என்று அறிவது ஓர் அறிவு. அவரை எது கொல்லப்போகிறது, அதை எது தடுக்கும் என்பது தனி அறிவு.

தீவிரக் காசநோயில் அந்த இரண்டாம் அறிவு இன்னும் மெலிதாகவே இருக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியே கொடுக்கிறோம். தென்னாப்பிரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் அப்படிக் கொடுத்தபின் இரத்தத்தில் அளந்து பார்த்தபோது பலருக்கு ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து போதிய அளவு ஏறியிருக்கவில்லை. மருந்து கொடுத்தோம் என்று குறிப்பேடு சொல்கிறது. கிடைத்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு இரக்கப்பட்டு முதல் நாளே நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தின் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும்; சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். இதைத் தெரிந்த செவிலியர் இருக்கும் வார்டில் சேர்ப்பதும் தெரியாத வார்டில் சேர்ப்பதும் புள்ளிவிவரத்தில் ஒன்றாகவே பதிவாகும்.

உணவைப் பற்றிய வலுவான தரவு ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிறது. 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் 10 கிலோ உணவுப்பொருள் கொடுக்கப்பட்டது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5% கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61% குறைவாக இருந்தது. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடியவர்களுக்கு எடை கூடியதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் கணிப்பு முறை எளிமையானது: இரண்டாம் மாதம் மறுபடியும் தராசில் ஏற்றிப் பார்ப்பது. நோய் தெரிந்த அன்று காட்டிய விழுக்காடு சிகிச்சை முழுவதற்கும் நிலையானதன்று; எடையோடு அது மாறிக்கொண்டே வரும். செயலியும் அதற்கேற்ப மாறலாம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாசல்களுக்கு வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘50%’ என்ற எண் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றும். அதே எண் தாலுகா மருத்துவமனையிலிருந்து நோயாளியின் கூடவே பயணித்து, கட்டில் தட்டுப்பாடுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை அடையும்போது, ‘பாதிக்குப் பாதி இறக்கப்போகிறவருக்கு ஏன் இந்தக் கட்டில்?’ என்று படிக்கப்படவும் கூடும். காசநோய் என்றாலே தனியறை கேட்கும், மற்ற நோயாளிகளுக்குத் தொற்றும் என்ற தயக்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. கையில் ஓர் எண்ணும் கிடைத்தால் தயக்கத்துக்கு அறிவியல் சட்டை போட்டுவிடலாம். இந்தக் கணிப்பு உள்ளே அனுமதிக்கும் முடிவுக்காக உருவாக்கப்பட்டது. மறுக்கும் முடிவுக்காக எவரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வழிகாட்டு நெறிமுறையில் இதை ஒரு வரியாகவாவது எழுதிவைக்க வேண்டும்: செயலியின் விழுக்காட்டை மட்டும் காரணமாகக் காட்டி எந்த நோயாளிக்கும் தீவிர சிகிச்சையை மறுக்கக் கூடாது.

அதோடு வெளியிட வேண்டிய தரவுகள் மூன்று உண்டு. மாவட்டவாரியாக, செயலி சொன்ன விழுக்காடும் நடந்த இறப்பும் எவ்வளவு பொருந்தின என்பது ஒன்று. அளக்கப்படாமல் விடுபட்டவர்களில் எத்தனை பேர், எத்தனையாவது நாளில் இறந்தார்கள் என்பது மற்றொன்று. ஆபத்தானவர் என்று தெரிந்தும் சேர்க்கப்படாதவர்களுக்குக் காரணமாக என்ன எழுதப்பட்டது என்பது மூன்றாவது: கட்டில் இல்லை என்றா, வண்டி வரவில்லை என்றா, கூலி போய்விடும் என்று அவரே மறுத்தார் என்றா.